ஆடு திரும்பும் நேரம்

(வட்டாரக் கூட்டமைப்பின் கால்நடை வளர்ப்போர் கூட்டத்தில் களப் பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



காலையில் கால்நடை டாக்டர் அம்மா ரொம்ப விவரமாகப் பேசிவிட்டார்கள். ஆட்டுக்கொல்லி ஊசி எப்போது போடணும், மழைக்கு முன்னாலேயே துள்ளுமாரி ஊசி எதற்கு, பிப்ரவரி மாதம் நடக்கிற கோழிக்கழிச்சல் முகாமுக்குக் கோழிகளை எப்படித் தயாராக வைக்கணும் என்றெல்லாம் சொன்னார்கள். "ராத்திரியே கூடையைக் கவுத்து மூடி வைங்க, விடிஞ்சப்புறம் உங்க கைக்குச் சிக்காது" என்றபோது எல்லாரும் சிரிச்சீங்க. எத்தனை பேர் போன வருஷம் கோழி பின்னால் தெருத்தெருவா ஓடினீங்கன்னு அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. அதனால் நோய், ஊசி, தீவனம் பற்றி நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை.

எனக்குக் கொடுத்த தலைப்பு "கால்நடை வளர்ப்பும் குடும்ப வருமானமும்". அதையும் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். தலைவி அக்கா கோபிச்சுக்கக் கூடாது.

போன மாதம் ஐந்து குழுக்களின் கூட்டத்துக்குப் போனபோது ஒரே மாதிரி இரண்டு கேள்விகள் கேட்டேன். முதல் கேள்வி, "உங்க ஆட்டால, மாட்டால, கோழியால வருஷத்துக்கு என்ன வருமானம்?" இதற்கு எல்லாரும் டக்டக்கென்று பதில் சொன்னார்கள். குட்டி எவ்வளவுக்குப் போச்சு, பால் எத்தனை லிட்டர், முட்டை எத்தனை, எல்லாம் விரல் நுனியில் இருக்கிறது. இரண்டாவது கேள்வி, "அதுகளால உங்களுக்கு என்ன சந்தோஷம்?" கூட்டம் அமைதியாகிவிட்டது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். இந்த மேடத்துக்கு இன்னைக்கு என்ன ஆச்சு என்கிற மாதிரி ஒரு பார்வை. ஒரு பெரியம்மாதான், "சந்தோஷத்தை எந்த நோட்டுல எழுதுறது?" என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்விதான் என்னை இங்கே பேச வைக்கிறது. நம்மிடம் சேமிப்பு நோட்டு இருக்கிறது, உள்கடன் நோட்டு இருக்கிறது, தீர்மானப் புத்தகம் இருக்கிறது. கடன் விண்ணப்பத்தில் ஆட்டின் விலை, பராமரிப்புச் செலவு, எதிர்பார்க்கும் வருமானம், தவணை என்று கட்டம் கட்டமாக இருக்கிறது. அந்தப் பெரியம்மா கேட்டதற்கு மட்டும் எதிலும் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததால் அது இல்லவே இல்லை என்று நான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். நான் வளர்ந்தது டவுனில், ஒரு லைன் வீட்டில். ஆறு குடும்பத்துக்கு ஒரு குழாய். அங்கே ஆடு மாடு வளர்க்க ஏது இடம்? சமூகப்பணி படித்துவிட்டு 2012-ல் இந்த வேலைக்கு வந்தபோது எனக்கு வெள்ளாடு எது, செம்மறி எது என்று சரியாகச் சொல்லத் தெரியாது. "வாலைப் பாரு தாயி, தூக்கியிருந்தா வெள்ளாடு, தொங்கினா செம்மறி" என்று ஒரு பாட்டி சொல்லிக் கொடுத்தார்கள். படிப்பில் வராத பாடம் அது.

2015-ல் ஒரு குழுவில் ஒரு அக்கா மூன்று தவணை பாக்கி வைத்திருந்தார்கள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவர்கள். மழைக்காலத்தில் வேலை குறைந்துவிட்டது, வீட்டுக்காரருக்கும் உடம்புக்கு முடியவில்லை. நான் பாக்கி கேட்க அவர்கள் வீட்டுக்கே போனேன். வாசலில் ஒரு ஆடு கட்டியிருந்தது. செங்கன்னி. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கறுப்பு உடம்பு, முகத்தில் செம்பட்டைக் கோடு, பார்க்கவே அழகாக இருக்கும். நான் அதைக் காட்டி, "இதை வித்தாக்கூடப் பாக்கி அடைஞ்சிருமே அக்கா" என்றேன். ஒரு யோசனை சொல்கிற மாதிரிதான் சொன்னேன். அவர்கள் ஒன்றும் பேசவில்லை. உள்ளே இருந்த வீட்டுக்காரர் காதில் அது விழுந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை எட்டயபுரம் சந்தைக்கு ஆடு போய்விட்டது. மூன்று மாதச் சினை. திங்கட்கிழமை பாக்கி முழுவதும் வந்தது. அந்த மாத அறிக்கையில் நான் "100 சதவீதம் வசூல்" என்று எழுதினேன். எனக்குப் பாராட்டும் கிடைத்தது.

அதற்குப் பிறகு அந்த அக்கா கூட்டத்துக்கு வருவார்கள், சேமிப்பைக் கட்டுவார்கள், கையெழுத்துப் போடுவார்கள், போவார்கள். என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். நான் அதைக்கூடக் கவனிக்கவில்லை, ஊக்குநர் சொல்லித்தான் தெரியும். இரண்டு மாதம் கழித்து நானே போய்க் கேட்டேன். அவர்கள் சண்டை போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்கள். "கடனைக் கட்டச் சொன்னது நியாயம் மேடம். இன்னும் ரெண்டு மாசம் பொறுத்திருந்தா குட்டி போட்டிருக்கும், தாயி நின்னிருக்கும், குட்டியை வித்தே கட்டியிருப்பேன். அது ஒண்ணு. இன்னொண்ணு... ஆபீஸ் விட்டு வந்தா எங்க வீட்ல எந்திரிச்சு வாசலைப் பாக்கிறது அது ஒண்ணுதான்."

சொல்லிவிட்டு அவர்களே சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். தினமும் ஐந்தரை மணிக்கு வேலை விட்டு வருகிற வழியில் வேலிக்கருவை நெத்து பொறுக்கி முந்தானையில் முடிந்து கொண்டு வருவார்களாம். தெரு முக்கு திரும்பும்போதே ஆடு கத்த ஆரம்பித்துவிடும். கை கால் கழுவிவிட்டு வாசப்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு நெத்தாகக் கொடுப்பார்களாம். அது நறுக்நறுக்கென்று கடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அரை மணி நேரம். "அந்த நேரம் யாரும் என்கிட்ட எதுவும் கேக்க மாட்டாங்க. ஆட்டுக்குத் தீனி குடுக்கிறேன்னு நெனச்சுக்குவாங்க. நான் சும்மா உட்கார்ந்திருப்பேன்" என்றார்கள்.

சகோதரிகளே, காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் நமக்கு "சும்மா" உட்கார எத்தனை நிமிஷம் கிடைக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சும்மா உட்கார்ந்தால் மாமியார் பார்ப்பார்கள், பக்கத்து வீட்டில் பேசுவார்கள், நம் மனசே குத்தும். ஆட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் அது வேலை. யாரும் கேட்க முடியாது. அந்த அக்காவுக்கு ஆடு கொடுத்தது அந்த அரை மணி நேரத்தை. நான் விற்கச் சொன்னது அதையும் சேர்த்துத்தான்.

இப்போது அந்த இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். முதலில் வெட்கப்பட்டார்கள் என்று சொன்னேன் இல்லையா, ஒருத்தர் ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. கூட்டம் முடிய ஒரு மணி நேரம் தாமதமானது.

ஒரு அம்மா பால் கறக்கிற சத்தத்தைச் சொன்னார்கள். வெறும் செம்பில் முதல் பீய்ச்சு விழும்போது "சர்ர்"ரென்று தகரத்தில் அடிக்கும், பாதி நிறைந்து நுரை கட்டிய பிறகு அதே சத்தம் கனத்துப் போகும். கண்ணை மூடிக்கொண்டே எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன் என்றார்கள். இன்னொருத்தர் கன்று போட்ட அன்றைக்கு நடப்பதைச் சொன்னார்கள். சீம்பாலைக் கன்று குடித்து முடித்த பிறகு மீதியைக் கருப்பட்டி போட்டுக் காய்ச்சி, நாலு வீட்டுக்குக் கிண்ணத்தில் கொடுத்து அனுப்புவார்கள். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போய்விடும். "கிண்ணம் திரும்பி வரும்போது வெறுங்கிண்ணமா வராது, ரெண்டு வெங்காயமாவது இருக்கும்" என்றார்கள். மாமனார் வீட்டில் யாரிடமும் பேச மாட்டார், மாட்டிடம் மட்டும் மணிக்கணக்காகப் பேசுவார் என்று ஒரு மருமகள் சொன்னார்கள். "அங்க போய் நின்னாத்தான் அவர் மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றார்கள். சிரித்தோம், ஆனால் உண்மைதான்.

பிறந்த வெள்ளாட்டுக் குட்டி ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்கப் பார்க்கும். விழும், மறுபடியும் எழும். அதைப் பார்க்கத் தெருப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிடும். "டிவியைக்கூட விட்டுட்டு வந்திரும்" என்றார்கள். பெட்டைக் குட்டிக்குப் பெயர் வைப்பார்களாம், கிடாவுக்கு வைக்க மாட்டார்களாம். ஏன் என்று கேட்டேன். "விக்கிறதுக்குப் பேர் வச்சா மனசு சங்கடப்படும்ல" என்றார்கள். கோயில் கொடைக்கு நேர்ந்துவிட்ட கிடாயை வெட்டிய அன்றைக்கு அந்த வீட்டுச் சின்னப் பையன் கறிச்சோறு சாப்பிடாமல் தயிர்சாதம் சாப்பிட்டான் என்று ஒரு அம்மா சொன்னார்கள். அந்த வருத்தத்தையும் அவர்கள் சந்தோஷக் கணக்கில்தான் சொன்னார்கள். இரண்டையும் பிரிக்க முடியாது போல.

கோழி விஷயத்தை நான் என் அனுபவத்திலிருந்தே சொல்ல முடியும். 2019-ல் ஒரு உறுப்பினர் எனக்கு ஒரு நாட்டுக்கோழி கொடுத்துவிட்டார்கள். காசு கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்றுவிட்டார்கள். பஸ்ஸில் பையோடு கொண்டு வந்தேன். கண்டக்டர் கோழிக்கு டிக்கெட் கேட்பாரோ என்று ஒரே பயம். நான் குடியிருந்த வாடகை வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருந்தது. என் வீட்டுக்காரர், "இது எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார். குழம்புக்கா வளர்ப்புக்கா என்று அர்த்தம்.

அது முட்டை இட்டு, ஒரு நாள் இட்ட இடத்தை விட்டு எழாமல் கொக்கொக்கென்று உறுமிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. எனக்கு நோய் வந்துவிட்டதோ என்று பயம். போன் போட்டுக் கேட்டேன். "அது அடைக்கு உக்காந்திருக்கு மேடம், கூடையில மணலும் வைக்கோலும் போட்டு 11 முட்டை வைங்க" என்றார்கள். கூடவே ஒரு கரித்துண்டும் இரும்பு ஆணியும் போடச் சொன்னார்கள், இடி இடித்தால் முட்டை கெட்டுப் போகாதாம். அறிவியல்படி சரியா என்று எனக்குத் தெரியாது, நானும் போட்டேன்.

21 நாள். பயிற்சிகளில் இந்த எண்ணை நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் இருந்து பார்த்தபோதுதான் 21 நாள் என்றால் என்ன என்று புரிந்தது. அந்தக் கோழி ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் எழுந்திருக்கும். அவசர அவசரமாக நாலு கொத்து தீனி, தண்ணீர், மண்ணில் ஒரு புரளல், உடனே ஓடிப்போய் உட்கார்ந்துகொள்ளும். அலகால் முட்டைகளை மெதுவாகத் திருப்பி விடும். எட்டாம் நாள் ராத்திரி கரண்ட் இல்லாத நேரம், செல்போன் டார்ச்சை முட்டைக்கு அடியில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே சிவப்பாக வேர் ஓடின மாதிரி நரம்பு, நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. என் வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். மறுநாளிலிருந்து கோழிக்குத் தண்ணீர் வைக்கிற வேலை அவருடையதாகிவிட்டது, நான் சொல்லவே இல்லை.

இருபதாம் நாள் முட்டைக்குள்ளிருந்தே குஞ்சுச் சத்தம் கேட்டது. உள்ளே இருந்து அது கீச்சென்னும், தாய் மெதுவாகப் பதில் கொடுக்கும். ஓட்டை உடைப்பதற்கு முன்னாலேயே இரண்டும் பேச ஆரம்பித்துவிடுகின்றன. எட்டு குஞ்சு பொரித்தது. அன்றைக்கே தீனி போட வேண்டும் என்று நான் பதறினேன். முட்டையின் மஞ்சள் கரு குஞ்சின் வயிற்றுக்குள் போயிருக்கும், முதல் நாள் அதற்கு அதுவே போதும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். எட்டில் இரண்டைப் பருந்து தூக்கியது, ஒன்றைப் பூனை. ஐந்து தேறியது. கூடை, நொய், கம்பு, வலை வாங்கிய செலவெல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் எனக்கு நஷ்டம்தான். அந்த நோட்டை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

அடுத்த வருஷம், 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தது. சந்தை இல்லை, தீப்பெட்டி ஆபீஸ் இல்லை, பஸ் இல்லை. உங்களில் பலர் பட்ட கஷ்டம் எனக்குத் தெரியும். ஆட்டை விற்க முடியாமல், தவணையும் கட்ட முடியாமல் தவித்தீர்கள். ஆனாலும் போனில் பேசும்போது கோழி எத்தனை பொரித்தது, குட்டி எப்படித் துள்ளுது என்று சொல்லும்போது மட்டும் உங்கள் குரல் மாறும். 2022-ல் மாடுகளுக்குத் தோல் கழலை நோய் வந்தபோது, வெற்றிலை, மிளகு, கல்உப்பு, வெல்லம் சேர்த்து அரைத்து வேளா வேளைக்குக் கையால் ஊட்டி, ராத்திரி முழுக்கத் தொழுவத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். வருமானத்துக்காக மட்டும் யாரும் அப்படி உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

இதெல்லாம் கேட்டுவிட்டு, மேடம் ஆளுக்கு நாலு மாடு வாங்கச் சொல்லப் போகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நான் சொல்ல வந்தது அதற்கு நேர் எதிர். 2017-ல் ஒரு உறுப்பினருக்கு இரண்டு கலப்பின மாடு வாங்கக் கடன் பரிந்துரை செய்தது நான்தான். ஒரு கலப்பின மாட்டுக்குப் பசுந்தீவனமே தினம் 20, 25 கிலோ வேண்டும். இரண்டு மாட்டுக்கு? நம் கரிசல் காட்டில் சித்திரை மாதம் பச்சைக்கு எங்கே போவது? அந்த அம்மா காலை நாலு மணிக்கு எழுந்து சாணி அள்ளி, பால் கறந்து, சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, புல்லுக்கு நாலு கிலோமீட்டர் நடந்தார்கள். முடியாமல் போனபோது ஒன்பதாம் வகுப்பு படித்த மகள் பள்ளிக்கூடத்தை நிறுத்திப் புல் அறுக்கப் போனாள். பால் வரவு நோட்டைப் பார்த்தால் நல்ல வருமானம். நான் அதைப் பயிற்சியில் வெற்றிக் கதையாகக்கூடச் சொன்னேன். அப்போது அந்த மகள் வீட்டில் இருந்தது எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

தெரிந்த பிறகு குழுவாகச் சேர்ந்து பேசி ஒரு மாட்டை விற்றார்கள். மகள் அடுத்த வருஷம் மறுபடியும் ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்தாள். ஒரு வருஷம் போனது போனதுதான். இப்போது அந்த வீட்டில் ஒரே மாடு. "இப்பதான் மேடம் அதோட நெத்தியைச் சொறிஞ்சு விட நேரம் இருக்கு. முன்னால அது மூஞ்சியக்கூட நான் பாத்ததில்லை, மடியைத்தான் பாத்தேன்" என்றார்கள்.

எத்தனை உருப்படி வளர்க்கலாம் என்று யாராவது கேட்டால் நான் இப்போது இடம், தீவனம், தண்ணீர் கேட்டுவிட்டு, இன்னொன்றும் கேட்கிறேன். சாயங்காலம் அதுகளோடு கொஞ்ச நேரம் உட்கார முடியுமா? முடியும் என்றால் அந்த எண்ணிக்கை சரி. முடியாது என்றால் ஒன்று அதிகம். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, என் அபிப்பிராயம்தான். டாக்டர் அம்மா ஒத்துக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை.

இன்னொரு விஷயம். 2011-லிருந்து அரசாங்கம் விலையில்லா வெள்ளாடு கொடுத்தபோது நாலு ஆடும் பெண்கள் பேரில்தான் கொடுத்தது. நம் குழுக் கடனும் உங்கள் பேரில்தான். ஆனால் விற்கிறது யார்? யாவாரி வந்து வீட்டு ஆம்பளையிடம் பேசி, கையில் முன்பணம் கொடுத்துவிட்டுப் போன பிறகுதான் பல வீடுகளில் நமக்கே தெரிகிறது. கயிறு மட்டும் முளைக்குச்சியில் கிடக்கும். நெத்து பொறுக்கினது ஒருத்தர், கயிறு அவிழ்க்கிறது இன்னொருத்தர். ஆடு வளர்ப்பதே விற்கத்தான், விற்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளை ஃபீஸுக்கு, ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்கு ஆடுதான் கை கொடுக்கிறது. எதை விற்பது, எப்போது விற்பது, எதை நிறுத்திக்கொள்வது என்று சொல்கிற வாய் நம்முடையதாக இருக்கணும். அவ்வளவுதான்.

அதற்காகத்தான் இன்றைக்குத் தீர்மானப் புத்தகத்தில் இரண்டு விஷயம் எழுதலாம் என்று செயற்குழுவில் பேசியிருக்கிறோம். ஒன்று, தவணை பாக்கிக்காகச் சினை ஆட்டையோ, பால்குட்டி உள்ள ஆட்டையோ விற்கச் சொல்லி எந்தக் குழுவும், எந்த ஊழியரும் கேட்கக்கூடாது. ஆட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாதம், குட்டி பால் மறக்க இன்னும் மூன்று மாதம். அதுவரை அந்தத் தவணையைத் தள்ளி வைக்கலாம், சேமிப்பை மட்டும் கட்டினால் போதும். இரண்டாவது, கடனில் வாங்கிய கால்நடையை விற்கும்போது உறுப்பினரே குழுவில் வந்து வாயால் சொல்லணும். வீட்டுக்காரர் சொன்னார் என்று மற்றவர்கள் சொல்லி எழுதக்கூடாது. இதில் நடைமுறைச் சிக்கல் இருக்கும், தெரியும். சினையில்லாத ஆட்டையும் சினை என்று ஒருத்தர் சொன்னால் என்ன செய்வது என்று ஒரு ஊக்குநர் என்னிடம் கேட்டார்கள். ஐந்து மாதத்தில் தெரிந்துவிடும் என்றேன். டீ குடித்த பிறகு இதைக் குழு குழுவாக உட்கார்ந்து விவாதியுங்கள். வேண்டாம் என்று தோன்றினால் தயங்காமல் சொல்லுங்கள்.

அந்தச் செங்கன்னி அக்கா இன்றைக்கு வந்திருக்கிறார்கள். பெயர் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து வேறொரு ஆடு வாங்கினார்கள், அதுவும் செங்கன்னிதான். இப்போது தாயும் மகளுமாக இரண்டு நிற்கிறது. முதல் ஆடு மாதிரி இது இல்லை, கொஞ்சம் முரடு, நெத்தைக் கையிலிருந்து வாங்காது, கீழே போட்டால்தான் தின்னும் என்றார்கள். போன வாரம் அந்த வாசப்படியில் அவர்களோடு நானும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் பேசவில்லை.

மணி இப்போது மூன்றேகால். விவாதம் நாலு மணிக்குள் முடிந்துவிட வேண்டும். போன கூட்டத்தில் ஐந்தரை வரை இழுத்துவிட்டேன் என்று பலருக்கும் கோபம், நியாயம்தான். நாலு பத்துக்குக் கடைசி மினி பஸ். அதை விட்டால் ஆடு திரும்புகிற நேரத்துக்கு நீங்கள் வீட்டில் இருக்க முடியாது. டீ வந்துவிட்டது, வாங்க.